செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வேலையில் மனம் ஒட்டுகிறதா?

3 நவம்பர் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் பிரிவில் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டுவந்து ஓராண்டு ஆகப்போகிறது. அறிக்கை, மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு என எதுவானாலும் முதல் வரைவை அதுவே எழுதித் தந்துவிடுகிறது. நான் நேரத்தோடு வீட்டுக்குப் போகிறேன். மனிதவளப் பிரிவு நடத்திய கருத்துக்கணிப்பில் 'வேலையில் திருப்தியாக இருக்கிறேன்' என்றுதான் குறித்தேன். அது பொய்யும் இல்லை. ஆனால் முன்பு ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தால் நேரம் போவதே தெரியாது. இப்போது அந்த ஒட்டுதல் இல்லை. திருப்தி இருக்கிறது, ஈடுபாடு இல்லை என்பது எப்படிப் பொருந்தும்? குறை என்னிடமா, கருவியிடமா?

3 நவம்பர் 2025, இரவு, பதில்

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பணித் திருப்தி என்பது வேலையைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் மதிப்பீடு: சம்பளம், நேரம், மேலாளர், சுமை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து 'பரவாயில்லை' என்றோ 'நன்றாக இருக்கிறது' என்றோ சொல்வது. ஈடுபாடு என்பது வேலை நடந்துகொண்டிருக்கும்போது அதற்குள் ஒருவர் தம்மை எவ்வளவு கொண்டுவருகிறார் என்பது. வில்லியம் கான் 1990இல் கோடைக்கால முகாம் ஒன்றின் வழிகாட்டிகளையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் ஊழியர்களையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், ஈடுபாட்டுக்கு மூன்று நிலைகள் தேவை என்றார்: செய்வதற்குப் பொருள் இருக்க வேண்டும், தன்னை வெளிப்படுத்தினால் கேடு வராது என்ற பாதுகாப்பு வேண்டும், அதற்கான உடல், மன வலிமை மிச்சம் இருக்க வேண்டும். கருவி மூன்றாவதைக் கூட்டிவிட்டு முதலாவதைக் குறைத்தால், நீங்கள் சொல்லும் நிலைதான் வரும். களைப்பு இல்லை, கவர்ச்சியும் இல்லை.

ஆகவே குறை யாரிடம் என்று தேடுவதைவிட, உங்கள் வேலையில் எந்தப் பகுதியைக் கருவி எடுத்துக்கொண்டது, எந்தப் பகுதி உங்கள் கையில் மிஞ்சியது என்று பார்ப்பதுதான் பயன் தரும். வாடிக்கையாளர் குறைகளுக்குப் பதில் எழுதும் ஒரு குழுவை நடத்தி வருபவன் என்ற முறையில், இந்த இழையில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த மிச்சத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

5 நவம்பர் 2025

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

ஷாகெட் நோய், விட்னி ஷாங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2023இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில் பட்டம் பெற்ற 453 பணியாளர்கள் அவரவர் தொழிலைச் சார்ந்த எழுத்து வேலைகளைச் செய்தார்கள். சாட்ஜிபிடி கிடைத்தவர்களுக்குச் சராசரி நேரம் 40 விழுக்காடு குறைந்தது. தரம் 18 விழுக்காடு உயர்ந்தது. அதே சோதனையின் முதல் வடிவத்தில், கருவியைப் பயன்படுத்தியவர்களுக்குப் பணித் திருப்தியும் தன்னம்பிக்கையும் கூடின என்றும், தானியங்கித் தொழில்நுட்பத்தைப் பற்றிய கவலை, உற்சாகம் ஆகிய இரண்டுமே அதிகரித்தன என்றும் குறிப்பிட்டிருந்தார்கள்.

சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறொரு கோணத்தில் பார்த்தது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் பங்கேற்ற அந்தச் சோதனைகளில், முதலில் ஒரு வேலையைக் கருவியோடு சேர்ந்து செய்தவர்கள், அடுத்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. கருவியோடு செய்த வேலை தரமாக இருந்தது. அடுத்ததைத் தனியாகச் செய்யும்போது அந்தத் தரம் தொடரவில்லை; உள்ளார்ந்த ஆர்வம் குறைந்து சலிப்பு ஏறியது. வேலை தன் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது என்ற உணர்வு மட்டும் தனியாகச் செய்யும்போது திரும்பி வந்தது.

இவை முரண்படவில்லை என்பது என் எண்ணம். முன்னது கருவி கையில் இருக்கும் நேரத்தை அளந்தது. பின்னது கருவி கையை விட்டுப்போன அடுத்த நேரத்தை அளந்தது. பெரும்பாலான அலுவலக வேலைகளில் இரண்டும் ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன. அறிக்கையை எந்திரம் எழுதும். அதை வைத்துக்கொண்டு நடக்கும் பேச்சுவார்த்தையை நாம்தான் நடத்த வேண்டும். முதலாவதில் கிடைத்த சுகத்தோடு இரண்டாவதற்குள் நுழையும்போது, அது முன்பைவிடச் சலிப்பானதாகத் தெரிகிறது. கேள்வி கேட்டவர் சொல்லும் ஒட்டாமை இதனால் வந்ததா என்று அவர் தம் நாளை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம்.

6 நவம்பர் 2025

'விஞ்ஞானிகளில் 82 விழுக்காட்டினருக்குச் செயற்கை நுண்ணறிவால் பணித் திருப்தி குறைந்தது என்று நிரூபணமாகிவிட்டதே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண்ணை விட்டுவிடுங்கள். அது 2024 நவம்பரில் சுற்றுக்கு வந்த, பொருளறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்றைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருந்தது. அதன் தரவு எங்கிருந்து வந்தது, அது நம்பத்தக்கதா என்பதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2025 மே மாதத்தில் வெளிப்படையாக அறிவித்தது. ஆனாலும் அந்த எண் கட்டுரைகளிலும் உரைகளிலும் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் மனக்குறைக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த விஷயத்தில் உண்மையான கவலை இருப்பவர்கள்தான் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

9 நவம்பர் 2025

என் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வந்தது, வாடிக்கையாளரோடு தானே உரையாடிப் பதில் சொல்லும் சாட்பாட். கடவுச்சொல்லை மறந்தவர், முகவரியை மாற்றக் கேட்பவர், ரசீது வரவில்லை என்பவர் ஆகியோரின் கோரிக்கைகளை அதுவே முடித்துவிட்டது. அனைவரும் மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன். அந்த எளிய கோரிக்கைகள்தான் நாள் முழுவதற்கும் இடைவெளியாக இருந்தன என்பது பிறகுதான் புலப்பட்டது. மிகவும் கோபமாக இருந்த ஒருவருக்குப் பதில் எழுதி முடித்ததும் வரிசையில் அடுத்து ஒரு முகவரி மாற்றம் வரும், நான்கு சொடுக்கில் முடியும், எதிர்முனையில் இருப்பவர் நன்றி சொல்வார், மூச்சு சீராகும். சாட்பாட் வந்த பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவை எல்லாம், எந்திரத்திடம் இரண்டு முறை முயன்று தோற்றுப்போய், அந்த எரிச்சலையும் சேர்த்துக்கொண்டு வந்தவை. ஒவ்வொரு டிக்கெட்டும், அதாவது எங்களிடம் பதிவாகும் ஒவ்வொரு கோரிக்கையும், கடினமானது.

இதில் உண்மையான கேடு இலக்குகளால் வந்தது. ஒருவர் ஒரு ஷிப்டில் இத்தனை டிக்கெட்டுகளை முடிக்க வேண்டும் என்ற கணக்கு, எளியதும் கடினமானதும் கலந்திருந்த காலத்தில் போடப்பட்டது. கலவை மாறியது, கணக்கு மாறவில்லை. 'கருவி வந்த பிறகும் ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் சராசரி நேரம் ஏன் ஏறுகிறது' என்று மேலிருந்து கேள்வி வந்தது. கடினமானவை மட்டும் மிஞ்சினால் சராசரி ஏறத்தான் செய்யும். அது எளிய கணிதம். ஆனால் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, தாங்கள் திறமை குறைந்துபோனவர்கள் என்ற எண்ணம் அதற்குள் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் விலகிப் போனவர்களுள் ஒருவர்கூடக் கருவியைக் குறை சொல்லவில்லை. தாங்கள் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். அது என்னை இன்றும் வருத்துகிறது.

எளிய கோரிக்கைகளில் ஒரு பகுதியை மறுபடியும் மனிதர்களுக்கே திருப்பிவிடுமாறு கேட்டேன். செயல்திறன் நோக்கில் அது பிற்போக்கான கோரிக்கையாகத் தெரிந்தது, அதனால் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு நிலைமை ஓரளவு தணிந்தது.

10 நவம்பர் 2025

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. சாட்பாட்டுக்கு அடுத்து வந்தது, பதில் எழுதும்போதே பக்கத்தில் வரைவு காட்டும் கருவி. இந்த வகைக் கருவியைப் பற்றித்தான் எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகியோரின் புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,172 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்படும் சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 15 விழுக்காடு உயர்ந்திருந்தது. பயன் முழுவதும் ஏறக்குறைய புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும்தான் போயிற்று. மிகத் தேர்ந்தவர்களுக்கு வேகம் சிறிதளவு கூடி, தரம் சிறிதளவு குறைந்தது. வாடிக்கையாளர்கள் முன்பைவிட மரியாதையாகப் பேசினார்கள் என்றும், மேலாளரைக் கூப்பிடச் சொல்வது குறைந்தது என்றும் அதே ஆய்வு காட்டியது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இவையெல்லாம் பெரிய நிம்மதி. நான் அதைக் கண்ணால் கண்டேன். முன்பெல்லாம் முதல் மாதங்களில் முகம் வாடி உட்கார்ந்திருப்பவர்கள், இப்போது தைரியமாகப் பதில் எழுதுகிறார்கள்.

ஆனால் அந்தக் கருவி எங்கிருந்து கற்றுக்கொண்டது? தேர்ந்தவர்கள் இதுவரை எழுதிய பதில்களிலிருந்து. எங்கள் குழுவில் மிக மூத்த ஒருவர், ஒரு நாள் திரையில் வந்த வரைவைப் பார்த்துவிட்டு, 'இது என் வாக்கியம்' என்றார். உண்மையிலேயே அவருடைய வாக்கியம்தான். கோபமாக வருபவரைத் தணிப்பதற்கு அவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் முறை அது. அன்றிலிருந்து அந்த முறை எல்லோருக்கும் ஒரு சொடுக்கில் கிடைத்தது. அவருடைய ஊக்கத்தொகையோ, வேகத்திலும் வாடிக்கையாளர் மதிப்பெண்ணிலும் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவர் கற்றுக்கொடுத்ததால் அந்த இடைவெளி மூடிக்கொண்டது, தொகை குறைந்தது. யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அறிவைப் பகிர்வதில் அவருக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தான் மனமுவந்து கொடுப்பதற்கும், தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்தார். மூத்தவர்களின் ஈடுபாடு குறைகிறது என்று எந்த நிறுவனத்திலாவது பேச்சு வந்தால், ஊக்கத்தொகைக் கணக்கை முதலில் எடுத்துப் பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

14 நவம்பர் 2025

'எந்திரம் வருவதும் வேலை சப்பென்று போவதும் புதிதல்ல, இதில் செயற்கை நுண்ணறிவுக்கு என்ன தனிச் சிறப்பு' என்ற வாதம் வந்திருக்கிறது. நியாயமான வாதம். இந்தப் பொருளைப் பற்றி நான் படித்தவற்றுள் மிகவும் பயனுள்ளது 1951இல் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரை. பாம்ஃபோர்த் தாமே சுரங்கத்தில் வேலை செய்தவர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, கரியை வெட்டுவது முதல் ஏற்றி அனுப்புவது வரை முழுவதையும் தானே பார்த்துக்கொண்டது. எந்திரமயமான நீள்முகப்பு முறை வந்தபோது நாற்பது ஐம்பது பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டார்கள்; ஒருவருக்கு ஒரே துண்டு வேலை. எந்திரம் உயர்ந்தது, எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. வேலைக்கு வராமல் இருப்பதும், முந்தைய ஷிப்டைக் குறை சொல்வதும், மன அழுத்தத்தால் வரும் உடல் உபாதைகளும் பெருகின.

அதே எந்திரத்தை வைத்துக்கொண்டே சில சுரங்கங்களில் தொழிலாளர்கள் தங்களுக்குள் வேலையை மாற்றிப் பகிர்ந்து, குழுவாகப் பொறுப்பேற்று நடத்தினார்கள் என்றும், அங்கே உற்பத்தியும் மனநிறைவும் மேம்பட்டன என்றும் டிரிஸ்டின் பிற்கால ஆய்வுகள் காட்டின. கருவி ஒன்றே, பகிர்வு வேறு, விளைவும் வேறு.

அப்படியானால் இப்போது புதியது எது? முன்பு எந்திரம் கையின் வேலையை எடுத்தபோது தீர்மானிப்பது மனிதரிடம் மிஞ்சும் என்று நம்மால் ஆறுதல் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது முதல் எண்ணத்தையே கருவி முன்வைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, எதை முன்னால் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வுகள் வரைவு திரையில் வரும்போதே முடிந்துவிடுகின்றன. அந்தத் தேர்வுகளில்தான் நம்மில் பலர் நம் வேலையை நம்முடையது என்று உணர்ந்தோம்.

15 நவம்பர் 2025

நேற்று எழுதியதைப் படித்தால் எல்லாக் கருவியும் கேடு என்று சொல்வதுபோல் ஒலிக்கிறது. மருத்துவர்களின் எடுத்துக்காட்டை வைக்கிறேன். நோயாளியோடு நடக்கும் உரையாடலைக் கேட்டுச் சிகிச்சைக் குறிப்பை எழுதித்தரும் கருவியைப் பற்றி 2025இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் ஆறு மருத்துவ அமைப்புகளைச் சேர்ந்த 263 பேரிடம், 30 நாள் பயன்பாட்டுக்குப் பிறகு, பணிச்சோர்வு உள்ளவர்களின் பங்கு 51.9 விழுக்காட்டிலிருந்து 38.8 விழுக்காடாகக் குறைந்தது. முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வுதான். கருவி இல்லாத குழுவோடு ஒப்பிட்டது அல்ல. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இரவில் வீட்டில் உட்கார்ந்து குறிப்பெழுதுவதற்காக யாரும் மருத்துவராகவில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும் நேரத்தை அந்தக் கருவி திருப்பிக் கொடுத்தது.

அவர்களுக்கு மிஞ்சியது அவர்கள் விரும்பிய பகுதி. என் குழுவுக்கு மிஞ்சியது அவர்கள் அஞ்சிய பகுதி.

20 நவம்பர் 2025

'எழுதும் சுமை போய்ச் சரிபார்க்கும் வேலை மட்டும் இருந்தால் நல்லதுதானே' என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சரிபார்ப்பது இலகுவான வேலை என்ற எண்ணமே தவறு. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய சிறு கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: எந்திரம் வழக்கமானவற்றை எடுத்துக்கொண்டால் மனிதருக்குக் கிடைப்பது கண்காணிப்பும், எந்திரம் தோற்கும்போது தலையிடுவதும். நீண்ட நேரம் எதுவும் நடக்காததைக் கவனித்துக்கொண்டே இருப்பது மனிதருக்கு ஒத்துவராத வேலை. தலையிடத் தேவையான திறனோ அன்றாடம் செய்வதால் மட்டுமே கூர்மையாக இருக்கும். அவர் எழுதியது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. இன்று அது கணக்காளரின் மேசைக்கும் பொருந்துகிறது.

போலந்தில் நான்கு மையங்களில் நடந்த, 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இதற்கு ஓர் எச்சரிக்கை. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் செயற்கை நுண்ணறிவின் துணைக்குப் பழகிய மருத்துவர்கள், அந்தத் துணை இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 விழுக்காடாக இறங்கியது. திறனைப் பற்றிய செய்தியாகத்தான் அதை எல்லோரும் பேசினார்கள். நான் ஈடுபாட்டைப் பற்றிய செய்தியாகவும் படிக்கிறேன். தன் திறன் வளர்கிறது என்ற உணர்வு வேலையில் கிடைக்கும் மிகப் பெரிய இன்பங்களுள் ஒன்று. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் தங்கள் ஊக்கக் கோட்பாட்டில் சுயாதீனம், திறன், பிறரோடு உறவு ஆகிய மூன்றையும் அடிப்படைத் தேவைகளாக வைத்ததில் திறன் இருப்பது தற்செயலானது அல்ல.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் வேகமாகச் செய்கிறோமா என்பதை நம்மாலேயே சரியாக உணர முடிவதில்லை. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவம் மிக்க 16 மென்பொருள் உருவாக்குநர்களை, அவர்கள் நன்கறிந்த திட்டங்களிலேயே 246 வேலைகளைச் செய்யச் சொன்னது. செயற்கை நுண்ணறிவை அனுமதித்த வேலைகளுக்கு 19 விழுக்காடு அதிக நேரம் ஆயிற்று. செய்து முடித்தவர்களோ, தங்களுக்கு 20 விழுக்காடு நேரம் மிச்சமானது என்று நம்பினார்கள். சிறிய ஆய்வு, கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் பணியாளரின் வாய்மொழியை மட்டும் நம்பித் திருப்தியை அளக்கும் கருத்துக்கணிப்புகளை நான் இதற்குப் பிறகு மிகுந்த கவனத்தோடுதான் படிக்கிறேன்.

22 நவம்பர் 2025

டெசியும் ரயனும் சொன்ன மூன்றாவதை, அதாவது பிறரோடு உறவை, நான் அன்று தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

எங்கள் குழுவில் முன்பு புதியவர்கள் எழுந்து வந்து சந்தேகம் கேட்பார்கள். 'இதற்கு என்ன சொல்வது?' என்ற அந்தச் சின்னக் கேள்வியோடு வேறு பேச்சும் வரும். யாருக்கு என்ன சிரமம் என்று தெரியும். கருவி வந்த பிறகு கேள்வி திரைக்குப் போய்விட்டது. அறை அமைதியானது. முதலில் அந்த அமைதியை ஒழுங்கு என்று பாராட்டினார்கள். புதியவர்களுள் ஒருவர் கடுமையான மனச்சோர்வில் இருந்ததை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் அறிந்தோம். முன்பு என்றால் ஒரு வாரத்தில் யாராவது கவனித்திருப்பார்கள்.

பாக் மான் டாங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கா, தைவான், இந்தோனேசியா, மலேசியா ஆகிய இடங்களில் நடந்தது. வேலையில் செயற்கை நுண்ணறிவோடு அதிகம் பழகுபவர்களிடம் தனிமை உணர்வும், அதன் வழியாகத் தூக்கமின்மையும், வேலைக்குப் பிந்தைய மதுப்பழக்கமும் காணப்பட்டன. இதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: அவர்களுள் பலர் உறவை நாடிச் சக பணியாளர்களுக்கு அதிகம் உதவவும் செய்தார்கள். தனிமை மனிதரை மனிதரிடம் தள்ளவும் செய்யும். அந்த உதவிக்கு நேரமும் இடமும் அலுவலகத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது மதிப்பிடப்படுவோமோ என்ற அச்சம். கருவியைப் பயன்படுத்துபவரை மற்றவர்கள் சோம்பேறி என்றும் திறமை குறைந்தவர் என்றும் எடைபோடுகிறார்கள் என்று 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வந்த சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே பலர் மறைத்துப் பயன்படுத்துகிறார்கள். நிறுவனம் 'பயன்படுத்து' என்கிறது, பக்கத்து மேசை 'பயன்படுத்தினாயா?' என்று பார்க்கிறது. கான் சொன்ன இரண்டாவது நிலை, தன்னை வெளிப்படுத்தினால் கேடு வராது என்ற பாதுகாப்பு, இங்கேதான் உடைகிறது.

1 டிசம்பர் 2025

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன்.

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு உச்சவரம்பு போட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிறுவனம் ஓர் எழுத்தாளரை அந்தக் கருவியைப் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்த முடியாது. நிறுவனத்தின் சம்மதத்தோடு எழுத்தாளர் விரும்பினால் பயன்படுத்தலாம். எழுத்தாளரிடம் கொடுக்கும் பொருளில் எந்திரம் எழுதியது இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். விருப்பமும் தகவலும் பணியாளரிடம் இருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் பணியிடத்தைத் தனியாகக் கவனித்திருக்கிறது. முகத்தையோ குரலையோ வைத்துப் பணியாளரின் உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகள், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களைத் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை செய்யப்பட்டிருக்கின்றன. குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று எந்திரம் மதிப்பெண் போடும் இடத்தில் வேலை செய்தவர்கள் இந்தத் தடையின் அருமையை அறிவார்கள். வாடிக்கையாளரிடம் நாம் காட்டும் பரிவு கண்காணிக்கப்படும்போது, அது நம்முடையதாக இருப்பதில்லை.

4 டிசம்பர் 2025

உலக அளவில் ஈடுபாடு சரிந்ததற்குச் செயற்கை நுண்ணறிவே காரணம் என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டியவருக்கு: ஈடுபாடுள்ள பணியாளர்களின் பங்கு 2023இன் 23 விழுக்காட்டிலிருந்து 2024இல் 21 விழுக்காடாக இறங்கியது உண்மை. ஆனால் அந்த அறிக்கை முதன்மையாகச் சுட்டியது மேலாளர்களை. அவர்களுடைய ஈடுபாடு 30இலிருந்து 27க்கு வந்திருந்தது. கருவியின் தலையில் அதை ஏற்ற வழியில்லை. சோர்ந்துபோன ஒரு மேலாளரிடம் புதிய கருவியையும் கொடுத்தால் அவர் குழுவுக்கு என்ன ஆகும் என்று கேட்பது நியாயம்.

8 டிசம்பர் 2025

இந்த இழையில் நான் ஈடுபாட்டை உயர்ந்ததாகவும் திருப்தியைச் சாதாரணமானதாகவும் வைத்துப் பேசிவந்தது எனக்கே உறுத்துகிறது. வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொண்டு வேலைக்கு வரும் ஒருவர், 'எனக்கு வேலையில் மூழ்க வேண்டியதில்லை, நேரத்துக்கு முடிந்தால் போதும்' என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது முழுக்க முழுக்க நியாயம். கருவி அவருக்கு மாலைப் பொழுதைக் கொடுத்திருக்கிறது. அதைவிடப் பெரிய நன்மை அவருக்கு வேறில்லை. வேலையில் ஈடுபாடு இல்லை என்று அவரைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த மாலைப் பொழுது எல்லோருக்கும் கிடைக்கிறதா? டென்மார்க்கில் 11 தொழில்களில் 7,000 பணியிடங்களைச் சேர்ந்த 25,000 பேரைப் பற்றிய ஆய்வு 2025இல் வந்தது. கருவியைப் பயன்படுத்தியவர்களுக்குச் சராசரியாக மிச்சமான நேரம் 3 விழுக்காட்டை ஒட்டியது. ஊதியத்திலோ வேலை நேரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. மிச்சமான நேரம் பெரும்பாலும் வேறு வேலைகளுக்கே போயிற்று. மிச்சம் சிறியது, அதுவும் பணியாளரின் கைக்கு வரவில்லை. கேள்வி கேட்டவர் நேரத்தோடு வீட்டுக்குப் போவதாக எழுதியது, அவருடைய நிறுவனம் இதில் நேர்மையாக நடந்துகொண்டதைக் காட்டுகிறது. என் இடத்தில் அந்த நேரம் அடுத்த காலாண்டின் இலக்குக்குள் போய்விட்டது.

13 டிசம்பர் 2025

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். தம் நாளைப் பிரித்துப் பார்த்ததாகவும், முன்பு தமக்குப் பிடித்தது அறிக்கையை எழுதியது அல்ல, எழுதத் தொடங்கும் முன் தரவை விரித்துவைத்துக்கொண்டு 'இதில் சொல்ல வேண்டியது என்ன' என்று யோசித்த நேரம் என்று கண்டுகொண்டதாகவும் சொல்கிறார். அந்த நேரம்தான் முதலில் போயிற்று. ஏனென்றால் கருவியிடம் தரவைக் கொடுத்தால் யோசிக்கும் முன்பே வரைவு வந்துவிடுகிறது.

அப்படியானால் வரிசையை மாற்றிப் பாருங்கள். சொல்ல வேண்டியதை நான்கைந்து வரிகளில் நீங்களே எழுதிய பிறகு கருவியைத் திறங்கள். அட்டவணை, நடை, பிழைத்திருத்தம் அதனுடையதாக இருக்கட்டும். என் குழுவில் இதைச் செய்தோம்: டிக்கெட்டைப் படித்து, என்ன தீர்வு தருவது என்று ஒரு வரியில் குறித்த பிறகே வரைவு திறக்கும்படி அமைத்தோம். நேரம் சற்றுக் கூடியது. சிலருக்கு இது தேவையற்ற தடையாகத் தோன்றியது. அவர்களுக்குக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டோம். எடுத்துக்கொண்டவர்கள், வரைவு தவறாக இருக்கும்போது உடனே பிடிக்க முடிகிறது என்றார்கள். தங்கள் எண்ணம் முன்னால் இருந்ததால் ஒப்பிட ஏதோ ஒன்று இருந்தது. நான் முன்பு குறிப்பிட்ட மூத்தவர் இப்போது வரைவுகளைத் திருத்தி அங்கீகரிக்கும் பொறுப்பில் இருக்கிறார், அதற்குத் தனி ஊக்கத்தொகை உண்டு. அது போதுமா என்று அவரிடம் கேட்டேன். தாமதமாக வந்தது என்றார்.

16 டிசம்பர் 2025

கருத்துக்கணிப்பில் எதைக் கேட்பது என்று மனிதவளத் துறையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 'கருவியில் திருப்தியா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். கடந்த வாரத்தில் நீங்களே முடிவெடுத்தது எது, உங்கள் வேலையில் கருவி எடுத்துக்கொண்டவற்றுள் திரும்ப வேண்டும் என்று நினைப்பது எது, மிச்சமான நேரம் எங்கே போயிற்று, யாரிடம் கடைசியாகச் சந்தேகம் கேட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் பெயரைக் கேட்காமல் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த காலாண்டின் இலக்கைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு முன்பே அந்தப் பதில்கள் அதை முடிவு செய்பவர்களின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். இலக்கு கையெழுத்தான பிறகு வரும் பதில்களைக் கோப்பில் வைப்பதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடிவதில்லை.